விடுதலையை அறிவித்த குரல், தந்தையாக நின்ற முகம்

1947 ஆகஸ்டு 15, வெள்ளிக்கிழமை. காலை 5.30 மணி. தில்லி வானொலி நிலையத்திலிருந்து தென்கிழக்காசிய நாடுகளுக்கான தமிழ்ச் செய்தி ஒலிபரப்பாயிற்று. இந்தியா விடுதலை பெற்றுவிட்டது என்னும் செய்தியை அந்த ஒலிபரப்பில் தமிழில் வாசித்தவர் பூர்ணம் விசுவநாதன். 1921இல் பிறந்த அவர் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். நள்ளிரவில் அரசியல் நிர்ணய சபையில் நேரு ஆற்றிய உரை ஆங்கிலத்தில் இருந்தது. கடல் கடந்த தமிழரின் செவிக்கு அதே செய்தி தாய்மொழியில் சென்று சேர, விடியற்காலையில் ஒரு தனிமனிதரின் குரல் வேண்டியிருந்தது.

பின்னாளில் அக்குரலுக்கு உரியவரைத் தமிழகம் நன்கு அறிந்துகொண்டது. ஆனால் செய்தி வாசித்தவராக அன்று. நரைத்த தலையும் கனிந்த பார்வையுமாகத் திரைப்படங்களில் வரும் அப்பாவாகவும் தாத்தாவாகவுமே மக்கள் அவரை நினைவில் வைத்தனர். செய்தியாளர், மொழிபெயர்ப்பாளர், இதழாசிரியர், நாடகக்காரர், திரை நடிகர் எனப் பல துறைகளில் நடந்த அவ்வாழ்வின் மையத்தில் இருந்தது ஒன்றே: பேசும் தமிழ். அச்சிட்ட தமிழுக்கு வரலாறு எழுதப்பட்ட அளவுக்குப் பேசிய தமிழுக்கு எழுதப்படவில்லை. அக்குறையை எண்ணிப் பார்க்க அவர் வாழ்வு ஏற்ற இடமாகும்.

கேட்டவர் யாவர்?

அந்தக் காலைச் செய்தியின் எடையை உணர, அதைக் கேட்கும் நிலையில் இருந்த மக்களை முதலில் நினைக்க வேண்டும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பர்மாவிலும் வாழ்ந்த தமிழருள் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் இருப்புப்பாதை வேலைக்கும் சென்றவர்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. அதே ஆண்டில் பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் திரும்ப முயன்றனர். வழியிலேயே மடிந்தோர் பலர். சயாம் பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட மலாயாத் தமிழருள் ஆயிரக்கணக்கானோர் நோயாலும் பசியாலும் மாண்டனர். இன்றும் மலேசியத் தமிழர் அதை மரண இரயில் என்றே குறிப்பிடுகின்றனர்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். அவர் தலைமை ஏற்ற இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத் தொழிலாளர் மக்கள் திரளாகச் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. 1945இல் போர் முடிந்தபோது அப்படை கலைந்தது, கனவு கலையவில்லை.

இரண்டே ஆண்டுகளுக்குப் பின் வந்த விடுதலைச் செய்தி, அம்மக்களுக்கு எங்கோ நடந்த அரசியல் நிகழ்ச்சியாகத் தோன்றியிருக்க முடியாது. வீட்டில் ஒருவரையேனும் பலி கொடுத்தவர்கள் அவர்களுள் பலர். அவர்கள் நாட்டில் பொழுது தில்லிக்கு முன்பே விடிந்துவிடும். முன்பே விடிந்துவிட்ட அந்தப் பொழுதுக்குப் பொருள் சொல்லும் செய்தியாக அது வந்தது. தந்தை நாட்டின் செய்தி என்று அவர்கள் அதை உணர்வதற்குக் குரலும் தமிழாக இருந்தாக வேண்டும்.

கேட்கும் தமிழ் பிறந்த கதை

அன்று தமிழ் ஒலிபரப்பு முதிர்ந்த கலையாக இருக்கவில்லை. சென்னையில் 1924 ஜூலை 31 அன்று ஒரு வானொலிக் கழகம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் அது நின்றது. அதன் கருவிகளைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் ஒலிபரப்பை நடத்தியது. 1936 ஜூன் 8 அன்று இந்திய அரசின் ஒலிபரப்புத் துறைக்கு 'ஆல் இந்தியா ரேடியோ' என்னும் பெயர் ஏற்பட்டது. 1938 ஜூன் 16 அன்று அதன் சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சி நிலையமும் தொடங்கின. நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்காக எஞ்சிய நிலையங்கள் ஆறு. அவற்றுள் இரண்டு தமிழ்நாட்டைச் சேர்ந்தவை.

வெளிநாடுகளுக்கான ஒலிபரப்பு 1939 அக்டோபர் 1 அன்று தொடங்கிப் போர்க்காலத்தில் விரிவடைந்தது. எதிரி நாட்டு வானொலிகளுக்கு விடை கூறுவதற்கென்று ஆங்கில அரசு வளர்த்த கருவி அது. அதே கருவி வழியாகவே ஆங்கில ஆட்சி முடிந்த செய்தியும் வெளிநாட்டுத் தமிழரை அடைந்தது.

விசுவநாதன் தில்லி வானொலியின் தமிழ்ப் பிரிவில் சேர்ந்தது போர் முடியும் காலத்தில். அக்காலத்துச் செய்தி வாசிப்பாளரை வெறும் குரல் வளம் உடையவராகக் கருதுவது பிழை. செய்திப் பிரிவின் பொது அறையில் செய்திகள் ஆங்கிலத்தில் தொகுக்கப்பெறும். அந்த ஆங்கிலப் படியை ஒவ்வொரு மொழிப் பிரிவும் பெற்று, தன் மொழியில் பெயர்த்து, குறித்த மணிக்கு ஒலிவாங்கியின் முன் அமர்ந்து வாசிக்க வேண்டும். பெயர்ப்பவரும் வாசிப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. அகராதியைப் புரட்டக் கிடைப்பது சில நிமிடங்கள். சில வேளைகளில் அதுவும் இல்லை.

இதில் உள்ள இடர்ப்பாட்டைக் கவிஞர்கள் எளிதில் உணர்வர். ஆங்கில வாக்கியம் யார், என்ன செய்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு மற்ற விவரங்களைப் பின்னே இழுத்துச் செல்லும். தமிழ் வாக்கியமோ வினையைக் கடைசியில் வைத்திருக்கும். ஆங்கிலத்தை அப்படியே தமிழாக்கினால் எச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, வினைமுற்று வந்து சேர்வதற்குள் கேட்பவர் எழுவாயை மறந்துவிடுவார். படிப்பவர் கண்ணைத் திருப்பி மீண்டும் படிக்கலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. எனவே வாக்கியத்தை மூச்சின் அளவுக்கு முறித்தாக வேண்டும். பண்டிதர் நடையும் மேடை நடையும் இவ்வேலைக்கு உதவா. தெருப் பேச்சும் ஆகாது. கொழும்பு முதல் கோலாலம்பூர் வரை, திருநெல்வேலி முதல் தில்லி வரை எல்லாத் தமிழருக்கும் அது புரிய வேண்டும். இவ்வாறு பொதுவானதும் எளியதும் ஆனால் கொச்சையில்லாததுமான ஒரு தமிழை, இலக்கணம் வகுப்பார் யாரும் இன்றியே, செய்தி அறையில் இருந்தவர்கள் நாள்தோறும் உருவாக்கினர்.

பாராளுமன்றம், அரசியலமைப்பு, ஐந்தாண்டுத் திட்டம், கூட்டுறவு, அயல்நாட்டுக் கொள்கை ஆகிய சொற்கள் இன்று எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் வழங்குகின்றன. பத்திரிகைகள் இதற்குப் பெருந்தொண்டு ஆற்றின என்பதில் ஐயமில்லை. ஆனால் பத்திரிகை செல்லாத ஊர்களுக்கும் ஊராட்சி மன்ற வானொலிப் பெட்டி சென்றது. அரச மரத்தடியில் கூடி நின்று கேட்ட மக்களுக்கு அச்சொற்களைப் பழக்கியவர்கள் முகம் தெரியாத வாசிப்பாளர்கள். அவ்வரிசையின் தொடக்கக் காலத்தில் நின்றவர் விசுவநாதன். அவ்வரிசையில் பிற்காலத்தில் வீடுதோறும் அறிமுகமான பெண் குரல் 2022இல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமியுடையது.

மூன்று உடன்பிறந்தார்

'பூர்ணம்' என்னும் முன்னொட்டைத் தமிழ் எழுத்துலகில் தாங்கியவர் விசுவநாதன் ஒருவர் மட்டுமல்லர். திருநெல்வேலிச் சீமையில் வேர்கொண்ட அக்குடும்பத்தில் உடன்பிறந்த மூவர் தமிழோடு பிழைப்பை இணைத்துக்கொண்டனர். மூவரும் தேர்ந்த வழிகள் வெவ்வேறானவை.

உமாசந்திரன் என்னும் புனைபெயரில் எழுதிய பூர்ணம் இராமச்சந்திரன் நாவலாசிரியர். அவரும் அகில இந்திய வானொலியில் பணியாற்றியவரே. 'கல்கி' இதழின் வெள்ளிவிழாவையொட்டி 1966இல் நடந்த நாவல் போட்டியில் அவருடைய 'முள்ளும் மலரும்' முதற்பரிசு பெற்றது. பெற்றோர் இல்லாத வீட்டில் தங்கைக்குத் தந்தையாகவும் நின்று, அந்தப் பாசத்தாலேயே அவளுக்குத் தடையாகவும் ஆகும் காளி என்னும் அண்ணனின் கதை அது. மகேந்திரன் இயக்கிய முதல் படமாக அது திரைக்கு வந்தது 1978 ஆகஸ்டு 15 அன்று. தம்பி விடுதலைச் செய்தியை வாசித்த அதே நாளில், முப்பத்தோராண்டுகள் கழித்து அண்ணனின் கதை மக்களிடம் சென்றது தற்செயலே. ஆயினும் நினைவில் கொள்ளத்தக்க தற்செயல்.

மற்றொருவர் பூர்ணம் சோமசுந்தரம். அவர் மாஸ்கோவிற்குச் சென்று உருசிய இலக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 'பூ. சோமசுந்தரம்' என்று அட்டையில் கண்ட பெயரை, மலிவு விலையில் கிடைத்த அந்தக் கெட்டி அட்டை நூல்களால் வாசகரான ஒரு தலைமுறை மறக்கவில்லை. இரு கால்களையும் இழந்தபின் மீண்டும் போர் விமானம் ஓட்டிய வீரனைப் பற்றிப் பரீஸ் பொலெவோய் எழுதிய 'உண்மை மனிதனின் கதை' அவர் தமிழாக்கிய நூல்களுள் ஒன்று.

ஒருவர் கதை புனைந்தார். ஒருவர் அயல்மொழிக் கதைகளைத் தமிழாக்கினார். ஒருவர் செய்தியைத் தமிழாக்கிப் பேசினார். முதல் இருவரின் உழைப்பு நூலகங்களில் உள்ளது. மூன்றாமவரின் உழைப்பு ஒலித்த கணத்திலேயே காற்றோடு கலந்தது. ஒரே குடும்பத்தில் நிகழ்ந்த இவ்வேறுபாடு, எழுத்துக்கும் குரலுக்கும் காலம் வழங்கும் நீதி எவ்வளவு வேறானது என்பதைக் காட்டுகிறது.

தில்லியிலிருந்து சென்னைக்கு

தலைநகரில் பணி நிமித்தம் குடியேறிய தமிழர்க்கு நாடகம் ஒரு ஊர்க்கூட்டம் போன்றது. மாலையில் அலுவலகம் முடிந்தபின் ஒத்திகை, விடுமுறை நாளில் மேடை என்று அவர்கள் தங்கள் ஊரைத் தில்லியில் மீட்டுக்கொண்டனர். விசுவநாதன் அம்மேடையில் வளர்ந்தவர். வானொலியில் குரலை அடக்கிப் பேசக் கற்றவர், மேடையில் கடைசி வரிசை வரை எட்டும்படி பேசவும் கற்றார். இவ்விரு பயிற்சியும் ஒருவரிடம் சேர்வது அரிது. நாடக மேடையிலிருந்து வந்தோர் ஒலிவாங்கி முன் முழங்குவர். வானொலியிலிருந்து வந்தோர் மேடையில் முணுமுணுப்பர். அவரோ இரண்டின் அளவையும் அறிந்தவர்.

பின்னர் நடுவண் அரசின் 'திட்டம்' இதழுக்கு அவர் ஆசிரியரானார். அணைக்கட்டும் உரத் தொழிற்சாலையும் சிறுசேமிப்பும் குடும்பநலமும் பற்றிய செய்திகளைச் சாதாரண மக்களுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு அது. இலக்கிய உலகம் பெரிதாக எண்ணாத வேலை. செய்தி அறையில் அவர் பயின்ற எளிய தமிழுக்கு அது அச்சில் கிடைத்த தொடர்ச்சி எனலாம்.

சென்னையில் 'பூர்ணம் நியூ தியேட்டர்' என்னும் குழுவைக் கொண்டு அவர் நடத்திய நாடகங்களே அவர் கலைவாழ்வின் நடுப்பகல். எழுத்தாளர் சுஜாதாவுடன் அவர் கொண்ட உறவு தமிழ் நாடகத்திற்கு நன்மை செய்தது. 'டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு', 'கடவுள் வந்திருந்தார்', 'அடிமைகள்', 'ஊஞ்சல்', 'அன்புள்ள அப்பா', 'சிங்கமய்யங்கார் பேரன்' முதலிய நாடகங்கள் அவர் குழுவால் மேடை கண்டன. துணுக்குச் சிரிப்புகளைக் கோத்து நாடகம் என்று வழங்கிய காலத்தில், நகைச்சுவையும் சிந்தனையும் ஒரே உரையாடலில் நிற்கலாம் என்று இவை காட்டின.

இந்நாடகத் தலைப்புகளையும் பாத்திரங்களையும் ஊன்றிப் பார்ப்போர்க்கு ஒன்று புலப்படும். அவற்றுள் பலவற்றின் நடுவே இருப்பவர் ஒரு முதிய தந்தை. 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில் பணி ஓய்வு பெற்ற சீனிவாசனிடம் எதிர்காலத்திலிருந்து ஒருவன் வருகிறான். அவன் மற்றவர் கண்ணுக்குத் தெரியான். அவனோடு பேசும் சீனிவாசனை வீடே பித்தர் என்று முடிவு செய்கிறது. சம்பளம் நின்றபின் வீட்டில் ஒரு தந்தையின் சொல்லுக்கு மதிப்புக் குறைவதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன நாடகம் அது. 'ஊஞ்சல்' நாடகத்தின் தந்தை தம் பழைய பெருமையிலிருந்து இறங்கி வர இயலாதவர். காலம் முன்னே போய்விட்டது. அவர் ஆடிக்கொண்டேயிருக்கிறார், ஓரடியும் நகரவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒருவரோடு மெய்யாகப் பேசுவதுபோல் நடிப்பது எளிதன்று. ஆனால் பல்லாண்டுகள் கண்ணுக்குத் தெரியாத நேயர்களோடு பேசியே வாழ்ந்த ஒருவருக்கு அது புதிய வேலையாக இருந்திருக்காது.

திரையில் ஒரு தந்தை

திரையுலகம் அவரை முதுமையின் வாயிலில்தான் நன்கு பயன்படுத்தத் தொடங்கியது. 1980இல் வெளிவந்த பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில், தில்லியில் வேலையின்றி அலையும் பாரதி பற்றாளனான மகனுக்குச் சங்கீதம் அறிந்த தந்தையாக அவர் வந்தார். உத்தியோகம் இல்லாத படிப்பாளிகளின் தலைமுறை அப்படத்தில் தன்னைக் கண்டது. முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்யும் மகனைத் தந்தை காணும் கட்டத்தில் இரண்டு தலைமுறைகளின் மானமும் ஒரே அறையில் எதிரெதிர் நிற்கின்றன.

1989இல் வந்த 'வருஷம் 16' படத்தில் பெருங்குடும்பம் ஒன்றின் தாத்தா. 1994இல் வந்த 'மகாநதி'யில் சிறையில் வாடும் நாயகனுக்கு ஆறுதலாக வரும் பஞ்சாபகேசன். குற்றமற்றவன் சிறைப்பட்ட கொடுமையை நெஞ்சு பொறுக்காமல் காட்டும் அப்படத்தில், பொறுமை என்பது கோழைத்தனம் ஆகாது என்று தம் இருப்பாலேயே உணர்த்தும் பாத்திரம் அது. 1995இல் வந்த 'ஆசை'யில், மூத்த மருமகனை முழுதும் நம்பிவிடும் வெள்ளை மனத்துத் தந்தை. இவர்களுள் யாரும் வீட்டை அதட்டி ஆளும் தந்தையர் அல்லர். அதிகாரம் கைநழுவியபின்னும் அன்பு நழுவாத தந்தையர். தமிழ்த் திரை நெடுங்காலம் தந்தையை ஒன்று சர்வாதிகாரியாகவோ அல்லது தியாகச் சிலையாகவோ காட்டியது. இரண்டுக்கும் இடையில், தவறும் செய்து தலைகுனியவும் தெரிந்த நடுத்தர வீட்டு மனிதராகத் தந்தையைக் காட்டியதில் அவர் பங்கு பெரிது.

இவை எல்லாவற்றுள்ளும் தனித்து நிற்பது 1990இல் வசந்த் இயக்கத்தில் வந்த 'கேளடி கண்மணி'. அதில் நாயகி சாரதாவின் பெற்றோர் இருவரும் பேச்சும் செவிப்புலனும் இல்லாதவர்கள். தாயாக ஸ்ரீவித்யாவும் தந்தையாகப் பூர்ணம் விசுவநாதனும் நடித்தனர். மகள் மணம் செய்துகொண்டு போய்விட்டால் தங்களுக்கு உலகத்தோடு உள்ள ஒரே தொடர்பும் அறுந்துவிடும் என்னும் அச்சம் அப்பெற்றோரைப் பிடித்தாட்டுகிறது. அவ்வச்சத்தில் சுயநலமும் உண்டு, பாசமும் உண்டு; இரண்டையும் பிரிக்க இயலாது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டு என வகுத்தார். சொல் துணையில்லாமல் அழுகையையும் அச்சத்தையும் உவகையையும் உடலே உரைக்க வேண்டிய பாத்திரம் அது.

ஒரு தேசத்தின் விடுதலையைத் தமிழில் வாய்விட்டுச் சொன்னவர், நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் வாய் பேசாத தந்தையாகத் திரையில் நின்றார். அரங்கில் இருந்தோருள் இவ்விரண்டையும் இணைத்து எண்ணியவர் மிகச் சிலரே இருந்திருப்பர்.

எஞ்சுவது எது?

2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுஜாதா மறைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று பூர்ணம் விசுவநாதனும் சென்னையில் மறைந்தார். நாடகம் எழுதியவரும் அதற்கு உயிர் தந்தவரும் ஓராண்டுக்குள் விடைபெற்றனர். எழுதியவரின் நாடகங்கள் நூல்வடிவில் கிடைக்கின்றன. அவற்றின் சொற்களைப் படிக்கலாம். அச்சொற்களுக்கு இடையே ஒரு நடிகர் விட்ட இடைவெளி, தாழ்த்திய குரல், சிரிப்பு எழும்பி அடங்கும் வரை காத்திருந்த பொறுமை ஆகியவை எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை.

தில்லியிலிருந்து ஒலித்துவந்த தமிழ்ச் செய்தியறிக்கையும் பின்னாளில் இடம் மாறிவிட்டது. குறித்த நேரத்தில் வீடு முழுதும் ஒரு குரலுக்குச் செவி கொடுத்த வழக்கம் மெல்ல மறைந்தது. அந்த வழக்கத்தில் ஒரு குடும்பப் பண்பும் அடங்கியிருந்தது. தந்தை காலையில் செய்தி கேட்பார். பிள்ளைகள் பேசாமல் இருப்பர். அடுப்படியில் இருக்கும் தாயும் ஒரு காதை அங்கே வைத்திருப்பார். பள்ளிக்கூடம் கற்றுத்தராத சொல்லழுத்தமும் வாக்கிய ஒழுங்கும் இப்படித்தான் பல பிள்ளைகளின் நாவில் ஏறின. பின்னாளில் கவிதை எழுத வந்தோருள்ளும் அத்தகைய பிள்ளைகள் உண்டு. தாங்கள் எவரிடம் தமிழ் கற்றோம் என்று பட்டியல் இடும்போது, ஆசிரியர் பெயரும் நூலின் பெயரும் நினைவுக்கு வரும். செய்தி வாசித்தவரின் பெயர் வருவதில்லை.

தந்தையரின் கொடை பெரும்பாலும் இத்தகையதே. பிள்ளையின் பேச்சில் அது கலந்திருக்கும். இன்னது இவரிடமிருந்து வந்தது என்று பிரித்துக் காட்ட முடியாது. உமாசந்திரனின் காளியும், சோமசுந்தரம் தமிழாக்கிய விமானியும் நூலில் வாழ்கின்றனர். விசுவநாதன் திரைப்படங்களில் விட்டுச் சென்ற முகங்கள் இன்னும் சில தலைமுறைகள் காணக் கிடைக்கும். 1947ஆம் ஆண்டின் அந்த அதிகாலைச் சொற்களோ, மலாயாவின் தோட்டத்து லயங்களிலும் சிங்கப்பூர்த் துறைமுகக் குடியிருப்புகளிலும் கேட்டவர்களின் நெஞ்சோடு போயின. கேட்டவர் தம் மக்களுக்குச் சொல்லியிருந்தால், அம்மக்களின் நினைவில் அவற்றின் சாயல் இருக்கலாம்.

தமிழ் வளர்த்தோர் வரிசையை எழுதுவோர் புலவருக்கும் பதிப்பாசிரியருக்கும் பக்கங்கள் ஒதுக்குகின்றனர்; அது முறையே. அவ்வரிசையில் ஒரு நாற்காலியை ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவர்களுக்கும் இட வேண்டும். முதியோர் பலர் இன்னும் இருக்கின்றனர். தாங்கள் கேட்ட குரல்களைப் பற்றி அவர்களால் இன்னும் சொல்ல இயலும். அவர்களைக் கேட்டு எழுதி வைப்பது இலக்கிய வட்டங்களால் ஆகக்கூடிய பணி. காலம் தாழ்ந்தால் ஆகாத பணியும் அதுவே.